சங்குப்பாரின் சம்மதம்

எந்த வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத வளிநாட்டில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. அதில் பாதி அரசவையிலிருந்து வந்தது, மீதி கடலிலிருந்து வந்தது. கடற்காற்றைப் பிடித்துத் தலைநகருக்கு விளக்கேற்ற, கடலுக்குள் காற்றாலைகளை நடுவதென்று மன்னர் முடிவெடுத்தார்.

சட்டப்படி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். கடலைக் கண்ணால் பார்த்திராத தலைநகர்வாசிகள் கடலில் காற்றாலை வருவதை மனமார வரவேற்றார்கள். மலையடிவார ஊர்கள் இன்னும் உற்சாகமாக வரவேற்றன. மிச்சமிருந்தது, காற்றாலை வரப்போகிற கரையிலேயே இருந்த துறைக்குடி மட்டும்தான்.

துறைக்குடி உலகம்மாளின் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருநாள் படகு மட்டும் கவிழ்ந்து ஒதுங்கியது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கொண்டுபோனவரின் உடல் வந்து சேரும்வரை ஊரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பேச்சுச் சத்தம் கேட்டால் உடல் கரையை நாடாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அன்று பார்த்துத்தான் கருத்துக்கேட்பு மந்திரி பட்டுக்குடையோடு வந்து இறங்கினார். ஊர் வழக்கத்தை யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் எட்டிப்பார்க்காதவருக்கு அன்றைக்கு அப்படி என்ன அவசரம்?

"பேரன்புமிக்க குடிமக்களே! சங்குப்பாரின் மீது காற்றாலை நிறுவுவதில் ஆட்சேபணை உள்ளவர்கள் தாராளமாகப் பேசலாம். இங்கே எவர் வாயையும் எவரும் அடைக்கவில்லை."

சங்குப்பார் என்பது கரையோரம் தொடங்கிக் கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் பாறைத்திட்டு. மீன்கள் குஞ்சு பொரிப்பது அங்கேதான். துறைக்குடியில் உலை கொதிப்பதும் அதனால்தான். கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"ஏகமனதான சம்மதம்!" என்று மந்திரி நெகிழ்ந்துபோனார்.

உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். வாயைத் திறந்தால் புருஷன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாது. திறக்காவிட்டால் பிள்ளைகளுக்குக் கடல் இல்லை. பிணத்தை வைத்துப் பேரம் பேசுகிறானே, பாவி! அவள் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"நில்லுங்கய்யா! காத்தாடிக்கு நாங்க எதிரியா? எங்க வீட்லயும் வெளக்கு எரிஞ்சா எங்களுக்குச் சந்தோசந்தான். பாரை விட்டுட்டுத் தள்ளி நடுங்கன்னு எத்தன தடவ ஆள் அனுப்புனோம்? ஒரு தடவயாவது காது குடுத்தியளா?"

அவள் கொழுந்தன் முன்னால் வந்தான். "மைனி சொல்லுததுதான் எங்க பேச்சும்!"

பிறகு ஊரே பேசியது. பேசியவர்கள் அத்தனை பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

மந்திரி கொஞ்சமும் அசரவில்லை. "துறைக்குடியின் வழக்கப்படி இன்று துறைக்குடியார் எவரும் பேசமாட்டார்கள். ஆகவே, பேசிய நீங்கள் துறைக்குடியார் அல்லர். அந்நியர்களின் கூச்சலுக்கு மன்னரின் அரசு செவிசாய்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

மறுநாளே சங்குப்பாரைச் சுற்றி மிதவைக் கயிறு கட்டினார்கள். உள்ளே காலெடுத்து வைத்தால் சிறை என்று முரசறைந்தார்கள். அடுத்து வந்த ஒரு காலையில் உலகம்மாளின் புருஷன் உடல் கரைக்குப் பக்கத்திலேயே, அந்தக் கயிற்றுக்கு உள்ளே, மிதந்து வந்து நின்றது.

காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "உள்ள போவக்கூடாது தாயி. உத்தரவு."

"எவன் உத்தரவுல அவுக உள்ள வந்தாக? அவுகளயும் புடிச்சு உள்ள போடுங்களேன்!"

உலகம்மாள் ஈட்டியைத் தள்ளிவிட்டுக் கயிற்றைத் தாண்டினாள். அவள் பின்னால் ஊர் மொத்தமும் தண்ணீரில் இறங்கியது. நெஞ்சளவு நீரில் நின்று, உடலைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு, எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள்.

அன்று மாலை தலைநகரின் நாற்சந்தியில் முரசு ஒலித்தது.

"துறைக்குடி மக்கள் பெருந்திரளாகக் கடலில் இறங்கி, ஆனந்தக் கண்ணீர் மல்கக் காற்றாலைத் திட்டத்தை வரவேற்றனர்!"

தலைநகரம் கைதட்டியது.