சீர்த்தாரோடு மலையேறிய வீட்டு வண்டி

தன் கையால் வண்டி கட்டியவனுக்கு அதில் ஒரு குறையும் கண்ணில் படாது. எனக்கு மூக்கும் சேர்ந்து வேலை செய்யவில்லை.

நாமக்கல்லில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீட்டு வண்டியாக மாற்றியிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கொல்லிமலை அரியூர் நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அப்பேர்ப்பட்ட மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலா போய் இறங்குவான்? (நினைப்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை.)

கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற வண்டி முக்கியது.

"ஏனுங்க, என்னமோ தீயற வாசம் வருதுங்க" என்றாள் மனைவி.

"காட்டுல யாரோ சருகு கொளுத்தறாங்க."

"முன்னால மீட்டர்ல சிவப்பு லைட்டு எரியுதுங்களே?"

"அது அழகுக்கு எரியுது." (பட்டறைக்காரன் சொல்கிற பதிலா இது?)

அடுத்த வளைவில் பின்சக்கரங்கள் புகைந்தன. வண்டி நின்றேவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே பார்த்தால், ஹேண்ட் பிரேக் கம்பிக்கு அடியில் சீர் வாழைத்தார்! நசுங்கக்கூடாதென்று, நிறுத்தியிருந்த வண்டியில் நானே பத்திரமாகச் செருகியது. புறப்படும்போது கம்பி பாதிதான் இறங்கியிருக்கிறது. அடிவாரத்திலிருந்து பிரேக்கைப் போட்டுக்கொண்டே மலையேறியிருக்கிறேன்.

தாரை எடுத்துக் கம்பியை இறக்கியும் பிரேக் விடவில்லை. சக்கரத்தின் சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நல்ல நேரமோ காத்திருக்காது. வெட்கத்தை விட்டுத் தங்கைக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மாமன் மடி இல்லாம எப்படிங்கண்ணா? அங்கயே இருங்க, நாங்க வாரோம்" என்றாள்.

பிக்கப் வண்டியில் ஆசாரி, மாலை போட்ட குழந்தை, பாதி ஊர் எல்லாம் வந்து இறங்கியது. நான் செய்த கட்டிலில், என் மடியில், நேரம் தப்பாமல் காது குத்தினார்கள். குழந்தை வீறிட்டாள், நானும்தான் அழுதேன். வாழைத்தார் ரோட்டோரத்திலேயே பந்தியானது. அதற்குள் டிரம் ஆறியிருந்தது. சுத்தியலால் பதமாகத் தட்டினேன். 'டக்'கென்று பிடி விட்டது. கால் பிரேக்கையும் மிதித்துப் பார்த்துவிட்டு, மொத்தக் கூட்டத்துக்கும் முன்னால் ஹாரன் அடித்தபடி ஊருக்குள் போனேன். அந்தப் பெருமை இன்னும் எனக்கு இறங்கவில்லை.

இப்போது அந்தக் குழந்தையின் தம்பிக்குக் காதுகுத்து. மண்டபம் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை.

"மண்டபம் எதுக்குங்க?" என்றாள் தங்கை. "அண்ணனைக் கிளம்பச் சொல்லுங்க. வண்டி எங்க நிக்குதோ, அங்க குத்திக்கலாம்."