இல்லாத பாலம் இடிந்த வழக்கு

"சார், அந்தப் பாலம் இடிஞ்ச ஊருக்கு எந்த பஸ் போகும்?" என்று தொலைபேசியில் கேட்டார் வரலாற்று டீச்சர்.

பெட்டிக்காரர் வாயில் இருந்த பிஸ்கட்டை மெல்ல மறந்தார்.

"எந்தப் பாலம், டீச்சர்?"

"நீங்க அனுப்பின பெட்டியில இருக்கிற பாலம்தான். அங்கே போய் ஒரு நினைவுக்கல் வைக்கணும்னு பிள்ளைங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

பள்ளிகளுக்கு வரலாறும் குடிமையியலும் கற்பிக்கத் தேவையானவற்றை இலவசமாகத் தயாரித்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் பெட்டிக்காரர் வேலை பார்த்தார். பாடங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்புவது அவர் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்தப் பெட்டி, ஓர் ஆதாரத்தை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொடுப்பது. உண்மைச் சம்பவத்தை வைத்தால் மாணவர்கள் விடையை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துவிடுவார்கள். ஆகவே அவர் ஓர் ஊரைக் கற்பனை செய்தார். அதில் ஒரு பாலம் கட்டினார். பிறகு, தாத்தா காலத்திலேயே அதை இடித்தார். வெள்ளத்தால் இடிந்ததா, நகரத் தலைவர் சிமெண்டில் கைவைத்ததால் இடிந்ததா என்று ஒரு சண்டையை மூட்டினார். அதற்குப் பழைய செய்தித்தாள் துண்டு, வியாபாரி ஒருவரின் கடிதம், நகரத் தலைவரின் புகைப்படம் எல்லாம் செய்தார்.

புதுத் தாளைப் பழசாக்குவது ஒரு தனி வேலை. டீ டிகாஷனில் முழுத் தாளையும் ஒரு முறை நனைத்து உலர்த்த வேண்டும். பிறகு ஓரங்களை மட்டும் இன்னொரு முறை. ஏனென்றால் காகிதம் ஓரத்திலிருந்துதான் பழுக்கும். நடுவில் கறை இருந்தால், யாரோ டீயைக் கொட்டிவிட்டது போலத்தான் இருக்கும்.

பாடம் முடிந்ததும், 'இதெல்லாம் கற்பனை' என்று டீச்சர் அறிவிக்க வேண்டும். வகுப்பு சிரிக்க வேண்டும். இதுதான் திட்டம். அதை டீச்சரிடம் சொல்ல மட்டும் அவர் மறந்திருந்தார்.

"டீச்சர், அப்படி ஒரு பாலமே கிடையாது. ஊரும் கிடையாது. எல்லாம் நான் எழுதினது."

அந்தப் பக்கம் ஸ்பீக்கர் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"அதுக்கு என்ன ஆதாரம், சார்?" என்றது ஒரு சிறுமியின் குரல். வகுப்புத் தலைவியாம்.

ஆதாரம்தானே என்று பெட்டிக்காரர் நிறுவனத்தின் முத்திரை குத்தி ஒரு மறுப்புக் கடிதம் அனுப்பினார்.

அங்கேதான் வினை. எந்தத் தாளைப் படித்தாலும் யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்க வேண்டும் என்பது பெட்டியின் முதல் பாடம். வகுப்பு கேட்டது. சொல்பவர் பெட்டி அனுப்பியவர். சொல்வது மாட்டிக்கொண்ட பிறகு. லாபம் இல்லாமலா முத்திரை குத்துவார்? 'மறுப்பு, சந்தேகத்தை வலுப்படுத்துகிறது' என்று ஒருமனதாக முடிவெடுத்து, பாலத்தை மூடி மறைக்கும் தொண்டு நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு புகாரும் எழுதிவிட்டார்கள். மறுநாள் மாலை அதைத் தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு.

விஷயம் நிறுவனத்தின் இயக்குநர் காதுக்குப் போனது. அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் ஆளைக் கலங்கடிப்பவர்.

"பிள்ளைங்களுக்கு உண்மையைக் கத்துக்கொடுக்கத்தான் நாம கடை விரிச்சிருக்கோம். இது பேப்பர்ல வந்தா நம்ம பெட்டியை எந்தப் பள்ளிக்கூடம் தொடும்? நாளைக்கு நேர்ல போய்ப் பேசுங்க, நானும் வர்றேன். பிள்ளைங்க ஒத்துக்கலைன்னா எல்லாப் பள்ளியிலேருந்தும் பெட்டியைத் திரும்ப வாங்கிடலாம்."

"ராப்பகலா உழைச்சுப் பண்ணினது, மேடம்."

"பாலத்தையும் அப்படித்தானே கட்டினீங்க?"

மறுநாள் பெட்டிக்காரர் ஒரு பிளாஸ்க்கும் தட்டும் புதுத் தாளுமாக வகுப்புக்குள் நுழைந்தார். இயக்குநர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டிகாஷனை ஊற்றி, தாளை நனைத்து, மின்விசிறியில் உலர்த்தி, ஓரங்களைப் பழுக்க வைத்துக் காட்டியபோது வகுப்பே மூச்சு விடாமல் பார்த்தது.

"பார்த்தீங்களா? இப்படித்தான் அதையும் பண்ணினேன்."

வகுப்புத் தலைவி எழுந்தாள். "உங்களுக்குப் போலி செய்யத் தெரியும்னு இப்ப நிச்சயமாயிடுச்சு, சார்."

"அப்பாடா!"

"அப்போ அந்த மறுப்புக் கடிதமும் போலியா இருக்கலாமே?"

பெட்டிக்காரர் வெளியே வந்து மச்சானுக்கு போன் போட்டார். மனைவியின் தம்பி. செல்போன் கடையில் வேலை. ஆசை எல்லாம் நடிப்பில். பெட்டியில் இருந்த நகரத் தலைவர், வாடகைக் கோட்டும் ஒட்டு மீசையுமாக நின்ற இந்த மச்சான்தான்.

"உடனே பள்ளிக்கூடத்துக்கு வாங்க, மச்சான்."

"மீசையோட வரவா மாமா, மீசை இல்லாமலா?"

மீசை இல்லாமல் வந்தார். பிள்ளைகள் அவரை ஜன்னல் பக்கம் நிறுத்தி, படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மீசையை நம்பாதே, காதைப் பார் என்பதும் பெட்டியில் உள்ள பாடம்தான். ஒருவரின் காது மடல் போல் இன்னொருவருக்கு இருப்பது, ஒரே குடும்பமாக இருந்தாலொழிய, அபூர்வம்.

"காது அச்சு அசலா இருக்கு!" என்று ஒருவன் கத்தினான். "இவர் நகரத் தலைவரோட பேரன்!"

வகுப்பு மச்சானைச் சூழ்ந்துகொண்டது.

"உங்க தாத்தா பாலத்தைப் பத்திப் பேசுவாரா, அங்கிள்?"

"ஒரு வார்த்தை பேசினதில்ல," என்றார் மச்சான். உண்மைதான். அவர் தாத்தா தையற்காரர். காலரைப் பற்றித்தான் பேசுவார்.

"குடும்பமே மறைச்சிருக்கு," என்று தலைவி குறித்துக்கொண்டாள். "நீங்களாவது மன்னிப்புக் கேட்பீங்களா?"

மச்சான் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். இவ்வளவு பேர் அவரை ஒரே நேரத்தில் பார்த்ததே கிடையாது. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"எங்க குடும்பத்தின் சார்பாக..."

"மச்சான்!"

"பிள்ளைங்க ஆசையா கேக்குதுங்க மாமா. வாய்தானே, சொன்னா தேஞ்சா போயிடும்?"

கைதட்டல் எழுந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் இயக்குநர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பெட்டிங்களை எடுத்துட்டு வர வண்டிக்குச் சொல்லிடறேன்," என்றார்.

பெட்டிக்காரர் படத்தைக் கையில் வாங்கி வெறித்துப் பார்த்தார். நகரத் தலைவரின் தாடையில் கோணலாக ஒரு தழும்பு. அவர் தலையைத் தூக்கி மச்சானின் தாடையைப் பார்த்தார்.

"மச்சான், அந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?"

"என்ன மாமா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்திருந்தேன். நீங்க நாய்க்காக பிரேக் போட்டீங்க. நாய் பிழைச்சுது."

வகுப்புத் தலைவி படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தழும்பைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள், மறுபடி தழும்பைப் பார்த்தாள்.

"காது வழிவழியா வரும். தழும்பு வராது," என்றாள் மெதுவாக. "படத்துல இருக்கிறது தாத்தா இல்ல. இவரேதான்."

"அப்படிச் சொல்லும்மா!" என்றார் பெட்டிக்காரர்.

"அப்போ படம் போலி. பாலமும் கட்டுக்கதை. எல்லாரும் ஒத்துக்கறீங்களா?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நினைவுக்கல் கனவு கலைந்த துக்கத்தில் டீச்சரின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. புகாரை வகுப்புத் தலைவி நான்காகக் கிழித்தாள். இயக்குநர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பெட்டி இருக்கட்டும்," என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

சந்தோஷத்தில் பெட்டிக்காரருக்கு வாய் நிற்கவில்லை. "பழைய காலத்துப் போட்டோ வேணும்னா வெளியே எங்கேயும் அலைய வேண்டாம், பிள்ளைங்களா. வீட்டு ஆளுங்களுக்கு ஒரு கோட்டை மாட்டி நிக்க வச்சா போதும்!" என்று விளக்கினார்.

அதுவரை வாயே திறக்காமல் இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பெண் கையைத் தூக்கினாள்.

"போன வருஷம் அரசியலமைப்புச் சட்டம்னு ஒரு பெட்டி அனுப்பினீங்களே சார், அதை எழுதினவங்கன்னு ஒரு போட்டோவுல அவ்வளவு பேர் வரிசையா உட்கார்ந்திருக்காங்களே, அவங்கல்லாம் உங்களுக்கு என்ன முறை வேணும்?"