கன்னிவாடியில் நின்றுபோன இஞ்சின்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. வீட்டில் யாரும் மறக்க விடவில்லை.

எனக்குக் கல்யாணமான புதிது. திண்டுக்கல்லில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் மைக்செட் கடையில் வேலை பார்த்தவர். இனி சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று, கையால் தூக்கக்கூடிய சின்னக் கரண்டு இஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். (கையால் தூக்கலாம் என்றுதான் விற்றவர் சொன்னாராம். எத்தனை பேர் கையால் என்று சொல்லவில்லை.) கரண்டு வராத ஊர்களில் கல்யாணத்துக்கு விளக்கும் மைக்கும் போடலாம் என்பது அவர் எண்ணம்.

எரியோடு ஊரில் வெங்காயம் பயிரிட்டுக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு இது பிடிக்கவே இல்லை. முதல் கல்யாணத்தில் இஞ்சின் ஒழுங்காக ஓடவில்லை என்றால் தொழிலை மூட்டை கட்டிவிட்டுத் தன்னோடு தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். இவரும் ரோசத்தில் சரி என்றுவிட்டார். இவருக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

முதல் கல்யாணம் கன்னிவாடியில், என் சின்னம்மா மகளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் ஆயக்குடிப் பக்கம்.

இஞ்சினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் டேங்கு ஓட்டை. அதனால் இவர் மூடி போட்ட ஒரு டின்னில் பெட்ரோலை ஊற்றி, பந்தல் காலில் உயரக் கட்டி, அடியிலிருந்து ரப்பர் குழாய் வழியாக இஞ்சினுக்கு விட்டிருந்தார். மூடியின் நடுவில் ஆணியால் ஒரு துளை போட்டார். எதற்கு என்று அண்ணன் கேட்டாராம். "மேல காத்து உள்ள போனாத்தான் மச்சான், கீழ பெட்ரோலு எறங்கும்" என்று இவர் விளக்கியிருக்கிறார். ஆண்கள் பேசுகிற இடத்தில் நிற்கக் கூச்சப்பட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த ஒரு பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

பொழுது சாயும்போது இஞ்சின் ஓடி, பந்தல் முழுக்க வெளிச்சம் வந்தது. சின்னம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஏத்தா, உம் புருசன் மொத மொதல்ல தொழிலுக்கு வந்திருக்காரு. இஞ்சினுக்கு ஒரு பொட்டு வச்சுட்டு வா" என்றார். புதுப் பொருள் எதுவானாலும் எங்கள் வீடுகளில் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள்.

போனேன். இஞ்சின் உதறிக்கொண்டு கத்தியது. கிட்டப் போகப் பயமாக இருந்தது. டின்தான் அமைதியாக இருந்தது. பக்கத்தில் கிடந்த உரல்மேல் ஏறிப் பார்த்தால், பொட்டு வைக்க இடம் குறித்தது போல மூடியின் நடுவில் ஒரு புள்ளி. இவருக்கு இம்புட்டுப் பக்தியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரியாக அந்த இடத்திலேயே வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமா மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்லி வந்தவர், "எங்க மாப்பிள்ளைக்குச் சீட்டாட்டம், சாராயம், இந்த மாதிரிக் கெட்ட பழக்கமெல்லாம்" என்றார். இஞ்சின் நின்றுவிட்டது. விளக்கும் போனது. மைக்கும் போனது. இருட்டில் பெண் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

இவர் ஓடிவந்து மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு, இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், ஓடியது. ஆனால் நான் மறுபடி உரல்மேல் ஏறிப் பார்த்தால், அவர் கை பட்டுப் பொட்டு கலைந்திருந்தது. பொட்டு கலைந்தால் நல்லதா? இந்தத் தடவை சந்தனத்தைப் பெரிதாக அப்பி, அதன்மேல் குங்குமத்தையும் வைத்து அழுத்தினேன்.

மறுபடி நின்றது.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்ள, விடியக்காலம் மொத பஸ்ஸுக்கே கெளம்பிருவோம்" என்றார். இவர் குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். வேர்த்து ஊற்றியது. பார்க்கப் பாவமாக இருந்தது. சின்னம்மா, இது கண்ணேறுதான், சூடம் சுற்றிப் போடு என்றார். தட்டில் சூடத்தைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை பயப்படாமல், நேராக டின்னை நோக்கி நடந்தேன்.

நாலு பேர் முன்னால் அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர், "அடியே, கிட்ட வராத" என்று கத்தினார். கத்திய வேகத்தில் டின்னைக் குழாயோடு பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டுத்தொட்டிப் பக்கம் ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர், காரணம் தெரியாமலே அவர் பின்னால் ஓடினார்கள். மூடி கழன்று தாய்மாமாவின் காலடியில் விழுந்தது.

அவர் அதை எடுத்து அரிக்கேன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு யாருங்க பொட்டு வெச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். சூடம் இன்னும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்து மூடியை வாங்கினார். ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். டின்னைக் கட்டி, குழாயை மாட்டி, கயிற்றை இழுத்தார். அதற்கப்புறம் இஞ்சின் நிற்கவே இல்லை. தாய்மாமா மைக்கை வாங்கி, விட்ட இடத்திலிருந்து, "கெடையாதுங்க" என்று முடித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: "மாப்ள, இஞ்சின் மேல தப்பில்ல. எந்தங்கச்சி மேலதான் தப்பு. அதனால அவளத் தோட்டத்துக்கு அனுப்பிருங்க."

தாய்மாமாவும் தங்கள் வீட்டில் அடுத்து வரும் கல்யாணத்துக்கு இவரையே பேசிவிட்டார். "இஞ்சினக் கொண்டாங்க, நீங்களும் வாங்க. ஊட்டுக்காரம்மாவுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்" என்றாராம்.

அப்படியேதான் நடந்தது. இவர் தொழிலை விடும்வரைக்கும் முகூர்த்த நாள் என்றால் அவர் இஞ்சினோடு கல்யாணத்துக்கு, நான் எரியோட்டுக்கு, வெங்காயம் அறுக்க. சொந்தக்காரர் கல்யாணம் பலவற்றை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் வீட்டில் மிக்சி நின்றாலும் கார் நின்றாலும் என் மருமகள் முதலில் கேட்பது, "அத்தை இந்தப் பக்கம் வந்தாங்களா?"

நினைவில் இருப்பதை எழுதிவிட்டேன். டின்னைக் கட்டியது பந்தல் காலிலா, பக்கத்து முருங்கை மரத்திலா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கு வந்திருந்த ஆயக்குடிக்காரர்கள் யாராவது இருந்தால் விசாரித்துத் திருத்திக்கொள்ளவும். நான் ஏழெட்டுப் பொட்டு வைத்ததாக அவர்கள் சொல்வார்கள். வைத்தது இரண்டுதான். அதை மட்டும் திருத்த வேண்டாம்.