கொரில்லா என்ன முறை?

கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் பட்டியல் எழுதாமல் நான் கிளம்புவதில்லை. பட்டியலை மீறி நான் பேசிய வார்த்தை என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அது என் அத்தை மகனைக் கொரில்லா ஆக்கிவிட்டது.

2002. பொறியியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பீர்க்கன்கரணை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்த நேரம். சும்மா இருக்கும் பெண்ணைப் பார்த்ததும் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனை வந்தது: ராஜகீழ்ப்பாக்கம் அத்தையின் மகன் பிரபு.

பிரபு நல்லவன். அகன்ற தோள், குறைந்த பேச்சு, நிறைந்த சாப்பாடு. ஆனால் சின்ன வயதிலிருந்து கேரம் போர்டில் சண்டை போட்டவனைக் கட்டிக்கொள்வதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. (அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியமும் இல்லை.) கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார். மாதக் கடைசிக்குள் எனக்கு வேலை கிடைத்தால் பேச்சைத் தள்ளிப்போடுவது. இல்லையென்றால் தட்டு மாற்றிவிடுவது.

சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் தேவைப்பட்டது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னார் தலைமை ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வாரம் வண்டலூர் போகிறார்கள், அதனால் கொரில்லாவின் பரிணாமத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார். (வண்டலூரில் கொரில்லா கிடையாது. வேலை தேடுகிறவள் இதையெல்லாம் சுட்டிக்காட்டக் கூடாது.)

மூன்று நாள் படித்துப் பதினான்கு குறிப்புகள் எழுதினேன். நாலாவது: 'கொரில்லா நம் தாத்தா அல்ல, பெரியப்பா மகன் மாதிரி.' பதினான்காவது பாடம் சம்பந்தப்பட்டதல்ல. அத்தையின் மகள் சுதா, அதாவது பிரபுவின் தங்கை, அதே பள்ளியில் 9-ஏ. எனக்குக் கொடுத்தது 9-பி. விசாரித்து டிக் அடித்தாயிற்று.

போனால், 9-ஏ டீச்சர் லீவு. இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாவது பெஞ்சிலிருந்து சுதா கையாட்டினாள். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை, நோட்டும் பேனாவுமாக.

நன்றாகத்தான் தொடங்கினேன். நமக்கும் கொரில்லாவுக்கும் ஆப்பிரிக்காவில் ஒரே மூதாதை இருந்தது; அதில் ஒரு கிளை காட்டிலேயே இலை தழை தின்று கொரில்லா ஆனது; இன்னொரு கிளையிலிருந்து பிற்பாடு சிம்பன்சியும் நாமும் தனித்தனியாகப் பிரிந்தோம் என்றேன். கொரில்லா விரல் முட்டியை ஊன்றி நடப்பதை மேஜைமேல் கையால் நடத்திக் காட்டினேன். இப்போதிருக்கும் கொரில்லா எப்போது மனுஷனாகும் என்று ஒருத்தி கேட்டாள். ஆகாது, அது அரைகுறை மனுஷன் இல்லை, முழுக் கொரில்லா என்றேன். கடைசி பெஞ்சில் தலை ஆடியது.

பிறகு நாலாவது குறிப்பு. இரண்டு வாரமாக வீட்டில் காலையும் மாலையும் கேட்டு ஊறிப்போனதுதான் வாயில் வந்தது.

"கொரில்லா நமக்கு அத்தை மகன் மாதிரி."

ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப கட்டிக்கிற முறையா மிஸ்?"

வகுப்பு குலுங்கியது. நானும் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் துல்லியமாகப் பதில் சொல்வது என் வியாதி.

"இல்லம்மா. அந்தக் குடும்பமும் நம்ம குடும்பமும் பிரிஞ்சு ஏறக்குறைய ஒரு கோடி வருஷம் ஆகுது. அங்க இனிமே சம்பந்தம் வெச்சுக்க முடியாது."

சுதா சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தலைமை ஆசிரியை சொன்னார்: "திங்கக்கிழமையிலேர்ந்து வாங்க. கம்ப்யூட்டர் மட்டும் எடுங்க. உயிருள்ள எதையும் தொடாதீங்க."

அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, ஊரெல்லாம் சுற்றித் தோழிகளுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா டெலிபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அத்தையின் குரல் வாசல்வரை கேட்டது.

"கோடி வருஷமாம் அண்ணா. போன ஞாயித்துக்கிழமதானே உங்க வீட்ல மீன் கொழம்பு சாப்ட்டேன்? என் புள்ள கொரில்லாவா? சுதா தேதி போட்டு எழுதிட்டு வந்திருக்கா."

அப்பாவை உட்காரவைத்து, பொது மூதாதை என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப எங்கப்பாவையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க" என்றார்.

மூன்று மாதம் அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். கேட்டால், விலை ஏறிப்போச்சு என்பார். எனக்கு வேலை கிடைத்ததை எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடவில்லை, நான் உட்பட.

ஒரு ஞாயிறு காலை பிரபு மட்டும் வந்து நின்றான். என்னிடம் ஏழு வகை மன்னிப்பு, பட்டியலாகத் தயாராக இருந்தது. முதலாவதைத் தொடங்கும்போதே தடுத்துவிட்டான்.

"விடு. எனக்கும்தான் இஷ்டம் இல்ல. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நீ ஒரே பீரியட்ல முடிச்சிட்ட."

அதுவரை அவன் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அதோடு நிறுத்தவில்லை. அத்தை தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறாராம். தானாக வர மாட்டாராம். கொரில்லா என்று சொன்ன வாயாலேயே நான் போய்க் கூப்பிட வேண்டுமாம். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அப்பா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், கையில் மீன் வாங்கும் பையோடு.

பிரபுவுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். போன் எடுத்தால் "கொரில்லா பேசறேன்" என்றுதான் தொடங்குவான். என் மகளுக்கு அவன் கொரில்லா மாமா. அவனுடைய உண்மையான பெயர் பிரபு என்பது அவளுக்குப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் தெரியும். ராஜகீழ்ப்பாக்கத்துக்கு நான் பத்து நாள் போகாமல் இருந்துவிட்டுப் போனால், கேட்டைத் திறக்கும்போதே அத்தை உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"கோடி வருஷம் கழிச்சு வந்திருக்கா. தட்டு எடுத்து வைங்க."