தள்ளு அண்ணன் புது பேட்டரி வாங்கினார்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பதை அரசாங்க சர்வேயரைவிடத் துல்லியமாக அறிந்த ஒரே மனிதர் எங்கள் தெரு தள்ளு அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. சாலவாக்கம் பக்கத்து நெல் மூட்டை, கத்தரிக்காய்க் கூடை, யாராவது வீடு மாற்றினால் கட்டில் பீரோ என்று எதையும் ஏற்றுவார். எஞ்சின் நல்ல எஞ்சின். பேட்டரிதான் செத்த பேட்டரி. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. நாலு பேர் பின்னால் நின்று தள்ளினால்தான் வண்டி உயிர் பெறும். புது பேட்டரி வாங்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“இன்னாத்துக்கு சார் புச்சு? அதான் நீங்கள்லாம் கீறீங்களே!”

இப்படியே பதினோரு வருஷம் ஓட்டினார்.

ஆள் கிடைக்காத இடங்களுக்காக அவர் கண்டுபிடித்த உபாயம்தான் சரிவு. ஏரிக்கரை இறக்கத்தில் வண்டியை நிறுத்துவார். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக்கு அரை மைல் தள்ளி எங்காவது மேட்டில் நிறுத்திவிட்டு, பட்டு வேட்டியோடு வெயிலில் நடந்து வருவார். பழையசீவரம் மலைக்கோயிலுக்கு வருஷம் தவறாமல் போவார். பெருமாள் மேல் அவ்வளவு பக்தியா என்று கேட்டேன். “சாமி ஒரு பக்கம் இருக்கட்டும் சார். மலையோரமா வண்டிய வுட்டா, மூச்சு வுடறதுக்குள்ள எடுத்துக்கும். அந்த மாரி ஊரு வராது” என்றார். அக்கா மகளுக்கு வந்த வரனைப் பார்க்க ஓரிக்கை பக்கம் போனவர், திரும்பி வந்து சொன்ன ஒரே குறை: “பையன் தங்கம். தெருதான் தட்டையா கீது. யோசிக்கணும்.”

பேட்டரிக்கு அவர் செய்த வைத்தியங்களைத் தனியாக எழுத வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கோலி சோடா வாங்கி ஊற்றுவார். “அதுக்கு நாஷ்டா” என்பார். மார்கழியில் குளிர் தாங்காது என்று கோணிப்பை போர்த்துவார். ஒருமுறை பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் மொட்டை மாடியில் வடாம் பக்கத்தில் காய வைத்துவிட்டார். அந்த வருஷம் அவர்கள் வீட்டு வடாமை யாரும் தொடவில்லை.

ஹாரனுக்கும் பேட்டரி வேண்டுமே. அதனால் எங்களைக் கூப்பிட வண்டிக் கதவை உள்ளங்கையால் டப்டப் என்று அறைவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே வெளியே வர வேண்டும். தள்ளும்போது கண்ணாடியில் ஒவ்வொருவரையும் கவனித்துக்கொண்டே வருவார். “யோவ், நீ தள்றியா, இல்ல சாஞ்சிக்கினு வர்றியா?” என்று கத்துவார்.

எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தள்ளியது அவர் மனைவி கன்னியம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்தாரென்றால் வண்டி நகர்ந்தே தீரும். எஞ்சின் பிடித்துக் கரும்புகை எங்கள் முகத்தில் அடிக்கிற நேரத்தில், “ஓடு ஓடு, நிறுத்திடாத!” என்று கத்திக்கொண்டே கூட ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துகொள்வார். பத்து நிமிஷத்துக்கு முன்பே எங்களுக்கெல்லாம் மோர் கரைத்து வைத்துவிட்டுத்தான் தள்ள வந்திருப்பார். அந்த மோருக்காகவே சில பேர் தள்ளினோம். நானும் அதில் ஒருவன்.

ஆனால் மோரும் எத்தனை நாளைக்கு? நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் டப்டப் கேட்கும். டீசல் புகையோடு ஆபீஸுக்குப் போய் எத்தனை நாள் ஹெட்மாஸ்டரிடம் அசடு வழிந்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு ஒளிந்துகொள்ளக் கற்றது. சத்தம் கேட்டதும் ஒருத்தர் குளிக்கப் போவார், ஒருத்தருக்குப் போன் வந்துவிடும். நானும் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தேன். டப்டப் என்றது. நான் அசையவில்லை. மறுபடி டப்டப். பிறகு என் வீட்டுக் கதவே தட்டப்பட்டது.

“சார்! சார்! சீக்கிரம் வா சார்!”

என்ன ஏது என்று அவர் சொல்லவில்லை. பதற்றத்தில் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்தக் குரல் வழக்கமான குரல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது என்றாலும் பொய், தெரியவில்லை என்றாலும் பொய். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு காலடிச் சத்தம் ஓடிப்போனது.

சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. கன்னியம்மாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஏரிக்கரையில் நின்ற வண்டியைச் சரிவில் உருட்டி எடுத்து, எஞ்சின் ஓட ஓட வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அவரைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் தெரு தட்டை. வழக்கமாகத் தள்ளுகிறவர் அன்று உள்ளே உட்கார்ந்திருந்தார். மற்ற வீட்டுக் கதவுகளும் சாத்தித்தான் இருந்தன என்கிறார்கள். அவரவர் கதையை அவரவர் சொல்லட்டும். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் ஓர் ஆட்டோ பிடித்து வர அரை மணி ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரோ டாக்டரைக் கேட்டார்களாம். அதெல்லாம் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். எனக்கு இன்றுவரை அந்தப் பதிலோடுதான் பொழுது விடிகிறது.

காரியம் முடிந்த மறுநாள் தள்ளு அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். மொட்டைத் தலை, மழித்த மீசை.

“சார், பேட்டரி வாங்கணும். கூட வர்றியா?”

டவுன் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனோம். கையில் ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சி வைத்திருந்தார். வண்டியில் பேட்டரி உட்காரும் தட்டின் நீளத்துக்கு ஒடித்த குச்சி. பஸ் பூராவும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ‘அண்ணா, அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன்’ என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “டிக்கெட் எடுத்தீங்களா?” என்றுதான் வந்தது.

முதல் கடையில் இருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “வெயிட்டே இல்ல. உள்ள ஈயம் வெச்சாங்களா, மறந்துட்டாங்களா?” என்று கேட்டு வெளியே வந்தார். இரண்டாவது கடையில் எந்த மாதம் செய்தது என்று கேட்டார். ஆடி மாதம் என்றதும் வேண்டாமென்றுவிட்டார். மூன்றாவது கடைக்காரர் சின்ன வயசு, பொறுமைசாலி. அவரிடம் லாரிக்குப் போடுகிற பேட்டரியைக் காட்டி, “இத்த குடு” என்றார்.

“ண்ணா, இது உன் வண்டிக்கு ஒக்காராது. இவ்ளோ பெருசும் வேணாம்.”

“வேணும்.”

“குச்சிய வெச்சுப் பாருண்ணா. தட்டுக்கு வெளிய நிக்கும்.”

“தட்ட வெட்டிக்கிறேன். நீ குடு.”

பதினோரு வருஷம் சோடா ஊற்றி ஓட்டிய மனிதர், கடையிலேயே பெரியதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வண்டிக்கு ஏற்ற பேட்டரிக்குச் சம்மதிக்க வைத்தேன். கடைக்காரர் வாரண்டி கார்டு எழுத உட்கார்ந்ததும் தள்ளு அண்ணன் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, அவசரத்துக்கு எடுத்தா, ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆவுமா?”

“கண்டிப்பா ஆவும்ணா.”

“அத்த அதுல எழுது.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்று தலையாட்டினேன். எழுதினார்.

திரும்பி வந்து மெக்கானிக் பேட்டரியைப் பொருத்தியதும், தள்ளு அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. அணைத்தார். மறுபடி திருப்பினார். மறுபடி அணைத்தார். “போதும்ணா, செல்ஃப் மோட்டாரு சூடாயிடும்” என்று மெக்கானிக் சொல்லியும் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை ஆனதும் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மெக்கானிக் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அண்ணா, அன்னிக்கு நான் வீட்ல...”

“தெரியும் சார்” என்றார் தலையைத் தூக்காமல். “உன் செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. ஃபேன் ஓடுற சத்தமும் கேட்டுச்சு.”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பதினோரு வருசம் உன்னத் தள்ள வெச்சிக்கினே இருந்தேன். ஒரு நாளு படுத்துக்கினா அது தப்பா? வாங்க வேண்டியத நான் வாங்கல. அதுக்கு நீ இன்னா பண்ணுவே? வுடு சார்.”

அழுதுவிட்டேன். நடுத்தெருவில், வெள்ளைச் சட்டையோடு.

இது நடந்து ஒரு வருஷமாகிறது. இப்போது விடிகாலையில் அவர் வண்டி ஒரே திருப்பில் கிளம்பிப் போய்விடுகிறது. போவது யாருக்கும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். நாய் நுழைகிறது என்று மனைவி சண்டை போடுகிறாள். நுழையட்டும். அவர் ஒரே ஒரு தடவை வந்து, “சார், சீக்கிரம் வா சார்” என்று கூப்பிட மாட்டாரா என்றிருக்கிறது.