தறிக்குழியில் இறங்கிய கவுன்சிலர்

தன்னைத் தானே பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்ட மனிதர் காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு பேப்பர் வக்கீல் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று சத்தியம் செய்யவும் நான் தயார்.

பகலில் கோர்ட்டு, மாலையில் சொந்தமாக நடத்திய நாலு பக்க வாரப் பத்திரிகை. அதற்குப் புரூஃப் பார்த்தவன் நான். கோட்டைக் கழற்றாமலே மெஷினுக்கு மை போடுவார். கோட்டு கறுப்பாக இருப்பதே அதற்காகத்தான் என்பார்.

மழை வந்தால் எங்கள் தெருக் கால்வாய் வீடுகளுக்குள் புகுந்துவிடும். நெய்பவர்கள் காலை விட்டு உட்காரும் தறிக்குழி நிரம்பி, தறியில் இருக்கும் பட்டு பாழாகும். "ஜெயிச்சா புதுக் கால்வாய்" என்று கவுன்சிலர் தேர்தலில் நின்றார் வக்கீல். ஜெயித்தார். மழை வந்தது, கால்வாய் வரவில்லை.

அந்த வாரம் முதல் பக்கத்தில் அவர் போட்டோ. மேலே, 'வாக்குத் தவறிய கவுன்சிலர்!' எழுதியவரும் அவரே.

"சார், கொஞ்சம் மெதுவா போடலாமே?" என்றேன்.

"ஏம்பா, கவுன்சிலர் உனக்கு எதுனா குடுத்தானா?"

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "உங்களையே திட்டிக்கினு பேப்பர் போடுறீங்களே, புத்தி இருக்குதா?"

"நான் கவுன்சிலரைத்தான் திட்டினேன். புருஷனைத் திட்டுறது நீதாம்மா."

நகராட்சிக் கூட்டத்தில் அதே பேப்பரைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். வேலை மட்டும் நடக்கவில்லை.

அடுத்த மழையில் எங்கள் தெருவில் பட்டு நெய்யும் செல்வி அக்காவின் தறிக்குழி நிரம்பியது. வக்கீல் வந்தார், பார்த்தார், கோட்டோடு குழிக்குள் இறங்கி இடுப்பளவு சாக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் இது, எழுந்திரிங்க! நாறுது!" என்று அலறினார் செல்வி அக்கா.

"நாறட்டும்மா. இன்ஜினியரும் வந்து மோந்து பார்க்கட்டும்."

தெருவே கூடிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் நகராட்சி இன்ஜினியர் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்தார். "சார், வெளிய வாங்க, பேசிக்கலாம்."

"நீங்க உள்ள வாங்க, பேசிக்கலாம்."

இன்ஜினியர் குழியைப் பார்த்தார். தறியில் நனைந்த பட்டுப் பாவு நூலை ஏந்தி நின்ற செல்வி அக்காவைப் பார்த்தார். அங்கேயே செல்போனை எடுத்தார். அந்த வாரமே பொக்லைன் வந்து பள்ளம் தோண்டியது.

வக்கீல் குழியில் உட்கார்ந்திருந்ததை நான் படம் பிடித்திருந்தேன். போட மறுத்துவிட்டார். 'செல்வியின் விடாத போராட்டம்: கால்வாய் வேலை தொடக்கம்' என்றுதான் செய்தி வந்தது.

"உங்க பேரு, சார்?"

"லேட்டா வேலை செஞ்சவனுக்கு இன்னா பேரு?"

அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. வெளியூரில் யாராவது, "காஞ்சிபுரமா, எந்தக் கோயில் பக்கம்?" என்று கேட்டால் எங்கள் தெருவில் யாரும் கோயில் பெயரைச் சொல்வதில்லை. வக்கீல் வீட்டுப் பக்கம் என்கிறோம்.