கடலை உருண்டைக்கு மூன்று அட்டை மாத்திரை

எதையும் அளவோடு நிறுத்தத் தெரியாதவள் நான். மாட்டுக்குத் தவிடு வைத்தாலும் ஒரு கை கூடுதலாகத்தான் வைப்பேன். (எங்கள் மாடு கொட்டகை வாசலில் திணறித்தான் நுழையும்.)

காவேரிப்பட்டினத்தில் எங்கள் மகளிர் குழு பன்னிரண்டு பேர். ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குத் தினமும் கடலை உருண்டை போடும் ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ருசி காட்டும் பொறுப்பு எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

ருசி காட்டப் போவதற்கு முந்தின நாள் மருமகள் செல்வி சொல்லிக்கொடுத்தாள். "அத்தே, கடலையில வைட்டமின் ஈ இருக்குது. உடம்புல செல்லு கெடாம பாத்துக்கும், நோய் எதிர்ப்புக்கும் நல்லதாம். சூரியகாந்தி விதை, பாதாம், கீரையிலகூட இருக்குதாம். கேட்டா சொல்லுங்க."

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால்? செல்வி முகத்தில் பூச வைத்திருந்த பச்சை நிற வைட்டமின் ஈ மாத்திரை மூன்று அட்டை அலமாரியில் இருந்தது. ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி, எண்ணெயை வெல்லப்பாகில் பிழிந்தேன். பிடிக்கப் பிடிக்கக் கை வழுக்கியது. (சத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.)

மறுநாள் கேன்டீன் அதிகாரி முன்னால் டப்பாவைத் திறந்தேன். பஸ் குலுக்கலில் ஒன்றுகூட உருண்டையாக இல்லை. எண்ணெயில் குளித்த கடலைதான் கிடந்தது.

"என்னம்மா, இவ்ளோ எண்ணெ?"

"வைட்டமின் ஈ சார்! மூணு அட்டை முழுசா ஊத்தியிருக்கறேன்!"

அவர் வாய்க்கருகே போன கரண்டி அப்படியே நின்றது. "மாத்திரையா? ஏம்மா, கடலையிலயே அது இருக்குதே! மாத்திரைய இஷ்டத்துக்குத் தின்னா ஆவாது. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்புடறவங்க இங்க இருக்காங்க. அவங்களுக்கு ரத்தக்கசிவு வந்தா யாரு பதில் சொல்றது?"

என் கண்முன் மற்ற பதினொரு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். அப்போதுதான் பஸ்ஸில் தின்ன முந்தானையில் முடிந்துவைத்த இரண்டு உருண்டைகள் ஞாபகம் வந்தன. போன வாரம் பிடித்தவை. (வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமை பேசியதில் தின்ன மறந்திருந்தேன்.)

"சார், இது வெறும் கடலையும் வெல்லமுந்தான். சத்தியமா!"

ஒன்றைத் தின்றார். கேட்காமலே இரண்டாவதையும் எடுத்தார். ஆர்டர் கிடைத்தது. ஆனால் 'கடலை, வெல்லம் தவிர வேறெதுவும் சேர்க்க மாட்டேன்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவருடைய டீ ஆறிவிட்டது.

இன்றும் நான் எதைச் சமைத்தாலும், "அத்தே, இந்தக் கொழம்புல எத்தனை அட்டை?" என்கிறாள் செல்வி. அலமாரிக்குப் பூட்டும் போட்டுவிட்டாள். போடட்டும். தினம் என் டப்பாவைத் திறந்து இரண்டு உருண்டை தின்கிறவள் அவள்தான். டப்பாவுக்கு நான் ஒரு பூட்டுப் போட்டால் தெரியும் சேதி!